ஏழு லோடு கல்

ஜனவரி 8, திங்கள்

பிளீச்சிங் பவுடர் ஏஜென்சிக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். போன வருட டைரியை மனைவி ரெஜினா சமையல் குறிப்பு எழுதியே தீர்த்துவிட்டாள். இதை அவளிடம் விடுவதாக இல்லை.

மே 31-ல் எனக்கு ஓய்வு. ஆவரங்குடி நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து அலுவலகப் பதிவேட்டில் நான் எழுதியதெல்லாம் ஒரே வரிதான்: 'பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டது.' திருப்தி யாருக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடைசி வருடமாவது நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை.

இன்றைய நிலவரம்: கண்மாய்க்கரைத் தெருக்காரர்கள் புதிய உரக்கிடங்கு வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். குப்பை டிராக்டர் எதையும் உள்ளே விடுவதில்லை. ஊர்க் குப்பை ஊருக்குள்ளேயே கிடக்கிறது, திட்டு மட்டும் எனக்கு வருகிறது.

கிடங்குக்கு அந்த இடம் பொருத்தமானது என்று அறிக்கை கொடுத்தவனும் நான்தான். நான் போய்ப் பார்த்தபோது காற்று கண்மாய்ப் பக்கம் அடித்தது. ஆடியில் அது திரும்பித் தெருப் பக்கம் அடிக்கும் என்று தெரியாமல் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

கண்மாய்க்கரைத் தெருவிலிருந்து ஒருவர் மனுவோடு வந்தார். பெயர் கொம்பையா, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நானும் தயாராக இருந்தேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். கிடங்கில் முன்பே கொட்டிய குப்பை புகைவதால் மகளுக்கு மூச்சு இளைப்பு, ஈ மொய்ப்பதால் சோற்றுத்தட்டைத் திறக்க முடியவில்லை, போராட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தெருவுக்குப் பிளீச்சிங் பவுடராவது போடுங்கள் என்றார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. அவரே எழுதினாராம்.

ஸ்டாக் இல்லை என்று சொன்னேன்.

ஸ்டாக் இருந்தது. பொங்கலுக்கு ரத வீதிகளுக்கு வேண்டும் என்று வைத்திருந்தோம். "வந்தவுடனே சொல்லுங்க சார்" என்று நம்பர் எழுதிக் கொடுத்துப் போனார். மனுவைக் கோப்பில் சேர்த்தேன்.

ஜனவரி 18, வியாழன்

24-ம் தேதி நகராட்சி அலுவலகத்தை முற்றுகையிடப் போகிறார்களாம். இன்று தாலுகா ஆபீஸில் முன்னேற்பாட்டுக் கூட்டம். போலீஸ், வருவாய்த் துறை, மின்வாரியம், ஆஸ்பத்திரி, நாங்கள். டீயும் முறுக்கும் வந்தன. ஆம்புலன்ஸ் எத்தனை, தடுப்புக் கம்பி எத்தனை, டாஸ்மாக் எத்தனை மணிக்கு மூடுவது என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. கல்யாணத்துக்குப் பட்டியல் போடுவதைப் போலத்தான் இருந்தது. கண்மாய்க்கரைத் தெருக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாமே என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும் கேட்டார். அது அஜெண்டாவில் இல்லை என்றார்கள்.

நகராட்சிப் பங்கை எங்கள் ஆணையாளர் என்னை வாசிக்கச் சொன்னார். தெருவிளக்கு முழுக்க எரிய வேண்டும். பழைய பாட்டில் எங்கும் கிடக்கக் கூடாது. மெயின் ரோட்டில் வீடு கட்டுகிறவர்கள் போட்டு வைத்த ஜல்லி, செங்கல், சாக்கடை தோண்டி எடுத்த கல் எல்லாவற்றையும் அள்ளிவிட வேண்டும், எறிவதற்குக் கைக்கு எதுவும் அகப்படக் கூடாது. கடைசி வரி: கூட்டம் கலைந்தபின் சாலை கழுவுதல். 'வெரி குட், நகராட்சி எல்லாவற்றையும் யோசித்திருக்கிறது' என்று பாராட்டினார்கள். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மறைப்பானேன்.

ஜனவரி 22, திங்கள்

காலையிலிருந்து கல் அள்ளினோம். டிரைவர் காசிமாயனும் ஆறு பேரும். ஏழு லோடு. மெயின் ரோட்டில் இப்போது ஒரு கூழாங்கல் கிடையாது.

அள்ளியதைக் கொட்ட இடமில்லை. உரக்கிடங்கில் மறியல். சுடுகாட்டுப் பக்கம் கவுன்சிலர் விடவில்லை. எங்கே கொட்டட்டும் என்று காசி டிராக்டரை ஓட விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான். வெயில் வேறு. இரண்டே நாள்தானே என்று தற்காலிகமாகத் தபால் ஆபீஸ் சந்தில் கொட்டச் சொன்னேன்.

முழங்காலுக்குத் தைலம் போட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கல் அகற்றும் பணி நிறைவு என்று அறிக்கை அனுப்பினேன்.

ஜனவரி 24, புதன்

சாயங்காலம் நாலரைக்குச் சுட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். பெயர் தெரியவில்லை. நான் அலுவலக மாடியில் இருந்தேன். சாப்பிடவில்லை. எழுத முடியவில்லை.

ஜனவரி 25, வியாழன்

விடிவதற்கு முன் டேங்கரை எடுக்கச் சொன்னேன். யாரும் உத்தரவு போடவில்லை. நேற்று ஆணையாளர் காரில் ஏறும்போது "வழக்கம்போலப் பாத்துக்குங்க" என்றார், அவ்வளவுதான். இந்த ஊரில் தேர் ஓடினாலும் மாநாடு நடந்தாலும் மறுநாள் ஆறு மணிக்குள் ரோட்டைக் கழுவியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். செருப்புகளே ஒரு டிராக்டர் தேறின.

ஒரு இடத்தில் காசி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "சார், போலீஸ்காரவுக வந்து அளந்து பாத்துட்டாகளா?" என்றான். "தேர் முடிஞ்சா யாரக் கேட்டுய்யா கழுவுறோம்?" என்றேன். பிறகு பவுடரை நானே அள்ளிப் போட்டேன். இரண்டு மூட்டை.

ஜனங்கள் நடமாடத் தொடங்குவதற்குள் மிச்சக் கல்லையும் அள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டோம்.

பதிவேடு: 'குடியரசு தின விழாவை முன்னிட்டு, நகராட்சி அலுவலக வாசல் முதல் பேருந்து நிலையம் வரை சாலை சுத்தம் செய்யப்பட்டது. பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டது.'

டைரி உறைக்குள் ஒரு சீட்டு செருகி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். வாசல் கம்பிக் கதவு நசுங்கியிருந்ததைப் பந்தல் துணியால் மறைத்திருந்தார்கள்.

பேப்பரில் போட்டிருக்கிறது. நகராட்சி வாசல் கதவை உடைத்து உள்ளே நுழைய முயன்ற கும்பலுக்கு முன்னால் நின்று கல்லெறிந்தவர் வாசலிலேயே சுடப்பட்டு விழுந்தார் என்று போலீஸ் சொல்கிறது. அவர்தான் வழக்கில் முதல் எதிரி. பெயர் கொம்பையா, லோடு ஆட்டோ டிரைவர், கண்மாய்க்கரைத் தெரு.

படத்தைப் பார்த்தேன். அதே ஆள்தான்.

ஜனவரி 27, சனி

ரெஜினா கேட்டாள், ஏன் இத்தனை தடவை கை கழுவுகிறீர்கள் என்று. பிளீச்சிங் பவுடர் நாற்றம் போகவில்லை என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

தண்ணீர் தொட்டிக்குக் குளோரின். இரண்டு நாய் பிடித்தோம். தபால் ஆபீஸ் பக்கம் போகிற வேலையைக் காசியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையை நான் பார்த்தேன். கழிப்பறைக்குப் போக இவ்வளவு ஆர்வம் காட்டிய ஆய்வாளரைக் காசி பார்த்திருக்க மாட்டான். அவன் இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று அவருக்குப் பதினாறாம் நாள்.

பகல் பதினோரு மணிக்குக் கொம்பையாவின் மனைவி வந்தாள். சீனியம்மாள் என்று பெயர். கூடவே மகள், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். வெளியூரில், விபத்தில் என்று அகாலமாகப் போனவர்களுக்கு விழுந்த இடத்தில் பால் தெளித்து விளக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் உயிர் வீடு வந்து சேரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் இது இல்லை. ஆனாலும் என் சித்தப்பா லாரியில் அடிபட்டபோது எங்கள் வீட்டிலும் செய்தார்கள்.

அலுவலகத்துக்குள் வந்து கிளார்க்குகளிடம் கேட்டாளாம், எங்கே விழுந்தார் என்று. பேப்பரில் போட்டிருக்கிறதே வாசலில்தான் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். என் மேஜைக்கும் வந்தாள். "சார், நீங்கதான் கழுவுனீகன்னு சொன்னாக. எந்த எடம்னு சொன்னாப் போதும்" என்றாள். நான் கோப்பைப் பார்த்தேன். பதிவேட்டில் வாசல் முதல் என்று இருக்கிறது என்றேன். பொய் இல்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

கொண்டுவந்திருந்த பால் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வாசல் கதவுக்கு முன்னால், வண்டி போகிற வழியில் உட்கார்ந்து பாலை ஊற்றினாள். மகள் துண்டால் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள், விளக்கு அணைந்து அணைந்து போயிற்று. சீனியம்மாள் ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். நான் நகரவில்லை. பிறகு ஆணையாளரின் கார் வந்து ஹாரன் அடித்ததும் எழுந்து ஓரமாக நின்றாள்.

அவள் கூப்பிட்ட இடத்தில் அவர் இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோட்டாட்சியர் விசாரணை. 20-ம் தேதி ஆஜராகும்படி சம்மன் வந்திருக்கிறது.

ஆணையாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காப்பி வரவழைத்தார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் நமக்கெதற்கு என்றார். பிறகு, காப்பியை ஆற்றிக்கொண்டே, "தபால் ஆபீஸ் சந்துல யாரோ கல்லக் கொட்டி வச்சிருந்தாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நல்லது" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காப்பி மட்டும் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

ஓய்வூதியக் கோப்பு சென்னைக்குப் போய்விட்டது என்று கிளார்க் சொன்னான். தூக்கம் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

போனேன். சொன்னேன். வந்தேன்.

எழுதத்தான் வேண்டும் என்றால், இவ்வளவுதான். எங்கே கழுவினீர்கள் என்றார் கோட்டாட்சியர். வாசல் முதல் பேருந்து நிலையம் வரை, குடியரசு தினத்துக்காக என்றேன். ரத்தம் எங்கே இருந்தது என்றார். வாசல் பக்கம் என்றேன். தபால் ஆபீஸ் சந்தில் ஏதாவது கவனித்தீர்களா என்றார். அது அன்றைய வேலைப் பட்டியலில் இல்லை என்றேன். தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

சுவர் ஓரப் பெஞ்சில் சீனியம்மாள் மகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். அழவில்லை, ஏசவும் இல்லை. வெளியே வரும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சு இளைப்பது எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 21, புதன்

காசிமாயன் வேறு டிவிஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

பிப்ரவரி 23, வெள்ளி

கொம்பையா மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கலவரக்காரன் மகள்' என்கிறார்களாம். ரெஜினா கோயிலில் கேட்டு வந்து சொன்னாள். செத்தவன்மேல் கேஸ் போட்டால் அது அந்தப் பிள்ளை தலையில்தானே விடியும் என்றாள். இவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் குத்துகிறாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரெஜினாவை வீட்டில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை வைத்துக்கொண்டு கண்மாய்க்கரைத் தெருவுக்குப் போனேன். வெறுங்கையோடு போகத் தைரியம் இல்லை.

அந்தத் தெருவின் நாற்றம் எனக்குப் புதிது. தொழிலே நாற்றம்தான் என்றாலும், அதில் சாப்பிட்டுத் தூங்கியதில்லை. சீனியம்மாள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்து நின்றாள். மூட்டையைப் பார்த்தாள். தெருவுக்குப் போடக் கொண்டு வந்தேன் என்றேன். அதற்கு மேல் என்னென்னவோ பேசினேன், மருத்துவ முகாம், கொசு மருந்து என்று. அவள் எதையும் காதில் வாங்கவே இல்லை.

கடைசியில் சொல்லிவிட்டேன். "வாசல்ல இல்லம்மா. தபால் ஆபீஸ் சந்து முனை. மருந்துக்கடைப் படிக்கு முன்னால."

"தெரியும் சார்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். காசி சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

"சந்துக்குள்ள போனா அந்த எடம் மட்டும் வெள்ள வெளேர்னு கெடக்கு. இந்த ஊர்ல வேற எந்த எடத்த அப்படிக் கழுவியிருக்கீக? எங்க தெருவுக்கு இந்தப் பவுடரு கேட்டு அவுகதான் மனு எழுதிக்கிட்டு வந்தாக. ஸ்டாக் இல்லன்னு சொன்னீகளாம்."

நான் மூட்டையின் மேல் கை வைத்தபடி நின்றேன். தெரிந்தும் ஏன் வாசலில் பாலை ஊற்றினாய் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நீங்க மேல சன்னல்ல நின்னீக. எறங்கி வந்து, இங்க இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன்." கையைக் கழுவிக்கொண்டாள். "பெறகு சாயங்காலமாச் சந்துல போயி ஊத்திட்டு வந்துட்டோம். அவுக வந்துட்டாக. கேஸ்லதான் இன்னும் வாசல்ல கெடக்காக."

மூட்டையை எடுத்துப் போகச் சொல்லவில்லை, வைக்கச் சொல்லவும் இல்லை. தெரு முனையில் வைத்துவிட்டு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி நின்றேன். ஐம்பத்தொன்பது வயதில் நடுரோட்டில் அழுவதற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

பிப்ரவரி 26, திங்கள்

விடுப்பு போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று ஜனவரி 8-ல் எழுதியவன் நான். இப்போது எழுதுகிறேன்.

ஜனவரி 22 அன்று மெயின் ரோட்டில் அள்ளிய ஏழு லோடு கல்லையும் தபால் ஆபீஸ் சந்தில் கொட்டச் சொன்னது நான். மெயின் ரோட்டிலிருந்து இருபது அடி. கூட்டம் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கல்லைக் குவிக்கிறோமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெயிலாக இருந்தது, டிராக்டர் நின்றுகொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

24-ம் தேதி தடியடி நடந்ததும் பிள்ளைகள் அந்தச் சந்துக்குள் ஓடினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஓடியவர்களுக்குக் கல்லை எடுத்துக் கொடுத்தது நகராட்சி. அங்கிருந்து எறிந்தார்கள். போலீஸ் சந்து முனையைப் பார்த்துச் சுட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். வாசலில் அப்போது ஒருவரும் இல்லை. கதவு அதற்கு முன்பே நசுங்கியிருந்தது.

25-ம் தேதி காலையில் ரத்தம் இருந்தது மருந்துக்கடைப் படிக்கு முன்னால் மட்டும்தான். வாசலில் இருந்து என் நடையில் இருநூற்றுப் பத்து அடி வைக்க வேண்டும், இன்று காலையில் போய் நடந்து பார்த்தேன். படி ஓரத்தில் ஒரு டாக்டர் சீட்டு கிடந்தது. இளைப்புக்கு மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்து எழுதியிருந்தது. பெயர் பிரியதர்ஷினி, தகப்பனார் பெயர் கொம்பையா, தேதி முந்தின நாள் 24. சீட்டில் மருந்துக்கடை முத்திரை விழுந்திருந்தது. அதாவது மருந்து வாங்கிக்கொண்டு படி இறங்கியிருக்கிறார். கல்லெறிய வந்தவன் சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு நிற்க மாட்டான்.

பெயரைப் படித்துவிட்டுத்தான் கழுவினேன். 26-ம் தேதி பேப்பரைப் பார்த்து அதிர்ந்ததைப் போல எழுதியிருக்கிறேனே, அது நடிப்பு. டைரியில் யாருக்காக நடித்தேனோ தெரியவில்லை.

போலீஸுக்குப் பயந்து மறைத்தேன் என்றுகூட என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இடம் சந்து என்று ஆனால், கல் யார் கொட்டியது என்று கேட்பார்கள். அதற்காகத்தான்.

ரெஜினாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சஸ்பெண்ட் பண்ணுவார்களா என்றாள். பண்ணுவார்கள் என்றேன். "அந்தச் சீட்டக் கொண்டாங்க, பாக்குறேன்" என்றாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள், அவள் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று மனு எழுதிக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். மூன்று பக்கம். விசாரணை முடிந்து அறிக்கை தயாராகிவிட்டது, நேரில் வாங்க முடியாது என்றான் அங்கிருந்த கிளார்க். எத்தனையோ பேரிடம் நானும் அப்படிச் சொன்னவன்தான். வேண்டுமானால் பதிவுத் தபாலில் போடுங்கள், வந்தால் கோப்பில் சேர்ப்போம் என்றான்.

தபால் ஆபீஸுக்கு வேறு வழி கிடையாது.

ஒரு மாதமாக அந்தப் பக்கம் போகாதிருந்தேன். நேற்று விடிந்தும் விடியாமலும் அடி எண்ணப் போனபோது இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. இன்று வெயிலில் பார்த்தேன். மருந்துக்கடைப் படிக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு வெளுத்துக் கிடக்கிறது. சுற்றிலும் குப்பை, எச்சில், வாழைப்பழத் தோல். அதன்மேல் மட்டும் யாரும் எதையும் போடவில்லை. ஓரத்தில் பால் காய்ந்த தடமும் ஒரு அகல் விளக்கும் இருந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து போனேன்.

கோட்டாட்சியருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, சீனியம்மாளுக்கு ஒன்று. மூன்று உறை. சீட்டு சீனியம்மாளுக்குப் போகிற உறையில் இருக்கிறது, மற்ற இரண்டில் நகல். கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் படித்துவிட்டு, "கண்மாய்க்கரைத் தெருவா? பக்கம்தானே சார், நேர்லயே குடுத்துரலாமே" என்றாள்.

பதிவாக வேண்டும் என்றேன்.

அனுப்புநர் பெயரை அவள் இன்னொரு தடவை கேட்டாள். சத்தமாகச் சொன்னேன்: சூசைமாணிக்கம், சுகாதார ஆய்வாளர், ஆவரங்குடி நகராட்சி. ரசீதுகள் மூன்றையும் இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.